அட்டையைக் காட்டு தம்பி என்று கேளுங்கள்

தென்காசி மாவட்டத்தில் அரசு மதுக்கடைகளில் வேலை பார்க்கும் மேற்பார்வையாளர்கள், விற்பனையாளர்கள், உதவி விற்பனையாளர்கள் அனைவருக்கும்,

கீழப்பாவூரிலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்களில் சிலருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். மற்றவர்களைப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலும், சுவாதி நட்சத்திரத்தன்று எங்கள் ஊர் நரசிம்மர் கோயிலிலும் பார்த்திருப்பேன். உங்கள் வேலையைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. கடைகளை மூடச் சொல்லியும் எழுதவில்லை. அதை முடிவு செய்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்க வேண்டியதை அவர்களிடம் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் கைக்கு எட்டிய ஒரு காரியம் இருக்கிறது. கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்கிற சின்னப் பையனிடம் வயதுக்குச் சான்று கேட்பது. அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2003 நவம்பர் 29 முதல் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனம் ஏற்று நடத்துகிறது. அந்த ஆண்டு போட்ட சில்லறை விற்பனை விதிகளிலேயே 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்று இருக்கிறது. கடைச் சுவரிலும் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பலகை இருக்கிறது. ஆனால் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போன பையன் ஒருவனையாவது எனக்குக் காட்டுங்கள். எழுத்து தன்பாட்டுக்குச் சுவரில் இருக்கிறது, விற்பனை தன்பாட்டுக்கு நடக்கிறது. இரண்டையும் இணைக்கக்கூடிய ஒரே ஆள் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற நீங்கள்தான்.

அந்தக் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பாதுகாப்புக்காகப் போட்டது, அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கம்பியின் சின்னச் சதுரத்துக்குள் நீண்டு வருவது ஒரு கை. கையில் மடித்த நோட்டு. பின்னால் பத்துப் பேர் நெருக்குகிறார்கள், இன்னும் நாலு கை நுழையப் பார்க்கிறது. "ஒரு குவார்ட்டர்" என்று ஒரு குரல். அந்தக் கைக்குச் சொந்தக்காரனுக்கு மீசை அரும்பியிருக்கிறதா, கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டையின் நாடா தொங்குகிறதா என்று குனிந்து பார்க்க உங்களுக்கு நேரம் எங்கே? முகம் பார்க்காமலே விற்கும்படிதான் அந்த இடம் கட்டப்பட்டிருக்கிறது. அதனால்தான், முகத்தைப் பார்த்து வயதைக் கணித்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்வதில் அர்த்தமில்லை. கையில் நோட்டோடு ஒரு அட்டையும் வரட்டும். நோட்டை எண்ணுகிற கண்ணுக்கு அட்டையில் பிறந்த தேதியைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

நடைமுறையில் முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். நீங்களே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறீர்கள். கொரோனா ஊரடங்கில் மூடிக்கிடந்த கடைகள் 2020 மே 7 அன்று சென்னை தவிர்த்த இடங்களில் திறந்தன. அன்றைக்கு வந்த ஏற்பாடு உங்களுக்கு மறந்திருக்காது. காலை 10 மணி முதல் 1 மணி வரை 50 வயதுக்கு மேற்பட்டவர்கள். 1 முதல் 3 வரை 40க்கும் 50க்கும் இடைப்பட்டவர்கள். 3 முதல் 5 வரை 40க்குக் கீழே உள்ளவர்கள். ஆதார் அட்டையோடு வரவேண்டும் என்றும் சொன்னார்கள். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் அட்டையும் கையுமாக நின்றார்கள். எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். நெரிசலும் தள்ளுமுள்ளுமாக இருந்ததால் மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க, 16ஆம் தேதி மறுபடியும் திறந்தன. அப்புறம் நாளுக்கு ஒரு நிறமாக டோக்கன் வந்தது.

நான் கேட்பது இதுதான். 49 வயதுக்காரரையும் 51 வயதுக்காரரையும் வேறு வேறு நேரத்துக்குப் பிரிக்க அன்றைக்கு அட்டை கேட்டோம். அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாங்கிப் போயிருந்தால் சட்டத்தில் ஒரு குற்றமும் இல்லை. 17 வயதுப் பையனையும் 21 வயதுக்காரனையும் பிரிப்பதற்கு அதே அட்டையைக் கேட்க ஏன் தயங்குகிறோம்? இது சட்டமே கேட்கிற காரியம் அல்லவா? நோய்க்குப் பயந்து ஒரு வாரத்துக்குள் ஏற்பாடு செய்ய முடிந்த அரசுக்கு, பிள்ளைகளுக்காகச் செய்ய முடியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

நீதிமன்றங்களும் இதைத் தொட்டிருக்கின்றன. 2023இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பதைத் தடுக்க வேண்டும் என்றும், விற்பனை நேரத்தை மதியம் 2 முதல் இரவு 8 வரை என்று குறைக்கலாம் என்றும், வாங்குகிறவருக்கு உரிமம் கொடுக்கும் முறையை யோசிக்கலாம் என்றும் அரசுக்குச் சொன்னது. 2024 நவம்பரில், நாடு முழுவதும் மதுக்கடைகளில் வயதைச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கக் கோரிய மனுவில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வழக்கு அதன் போக்கில் போகட்டும். தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டிய விஷயம் இது இல்லை, ஏனென்றால் புதிதாக ஒரு விதியும் தேவைப்படவில்லை.

எந்த அட்டை என்று கேட்பீர்கள். இங்கேதான் பாஸ்போர்ட் பேச்சு வருகிறது. நம் பக்கத்தில் அது பெரிய விஷயம். கீழப்பாவூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம், சுரண்டை, கடையம் என்று எந்த ஊரை எடுத்தாலும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஆள் இருக்கிற வீடு நாலு தெருவில் இரண்டாவது இருக்கும். பதினெட்டு முடிந்ததும் பையனுக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறார்கள். திருநெல்வேலி சேவா மையத்துக்குப் போய், போலீஸ் விசாரணை முடிந்து, தபாலில் வந்ததும் நேரே பீரோவில் நகையோடும் பத்திரத்தோடும் போய்ச் சேருகிறது. அதனால் உங்களிடம் வயதுச் சான்றாகப் பாஸ்போர்ட்டை நீட்டுகிற பையன்கள் வரத்தான் செய்வார்கள். சீசனில் குற்றாலத்துக்கு வருகிற வெளிநாட்டு ஆட்களுக்கோ வேறு அட்டையே கிடையாது.

பாஸ்போர்ட் நல்ல சான்றுதான், அதில் சந்தேகமில்லை. புகைப்படப் பக்கத்தில் பிறந்த தேதி நாள், மாதம், ஆண்டு என்று முழுதாக இருக்கும். ஆதாரைவிட இந்த ஒரு விஷயத்தில் அது உறுதியானது. பழைய ஆதார் அட்டைகள் பலவற்றில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கிறது. ஆதார் அடையாளத்துக்குச் சான்றே தவிரப் பிறந்த தேதிக்குச் சான்றில்லை என்று இப்போது அட்டையிலேயே அச்சிடுகிறார்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதைத் தீர்மானிக்க ஆதாரைவிடப் பள்ளி மாற்றுச் சான்றிதழே மேல் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். பாஸ்போர்ட் கையில் இருப்பதாலேயே ஒருவன் 21 ஆகிவிடமாட்டான். கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் உண்டு. பதினைந்து வயதைத் தாண்டியவன் பத்து வருஷம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டே வாங்கலாம். நீல அட்டையைப் பார்த்து மலைத்துப்போய்க் கொடுத்துவிடக் கூடாது. உள்ளே திறந்து தேதியைப் படிக்க வேண்டும். படத்தையும் முகத்தையும் ஒருமுறை ஒப்பிட வேண்டும், அண்ணன் அட்டையோடு தம்பி வருவது எங்கேயும் நடக்கிறதுதான். இன்னொருவர் பாஸ்போர்ட்டைத் தெரிந்தே பயன்படுத்துவதும், தன்னுடையதை இன்னொருவர் பயன்படுத்த விடுவதும் 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பையன்களில் பலருக்கு இது தெரியாது. அவர்களிடம் நீங்களே சொல்லலாம்.

இருந்தாலும் பாஸ்போர்ட்டோடு மதுக்கடைக்கு வரும் பழக்கம் நம் ஊரில் உண்டாகக் கூடாது என்பது என் ஆசை. காரணம் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு பையனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது. போவதற்கு முன் நண்பர்களோடு வெளியூர் போனவன், அங்கே ஒரு பாரில் வயதுக்குச் சான்று கேட்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பாஸ்போர்ட்டைப் பேண்ட் பையில் செருகிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது பையில் அது இல்லை. தொலைந்தது பேருந்திலா, பாரிலா, யாராவது எடுத்தார்களா, இன்றுவரை தெரியாது. நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா திண்ணையில் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலையை வெட்டுவதும் தூளை வைப்பதும் சுருட்டி நூலைக் கட்டுவதுமாகக் கை தன்பாட்டுக்கு ஓடுகிறது, கண் மட்டும் கலங்கி நிற்கிறது. விசாவுக்கு ஏற்பாடு செய்தவருக்குக் கொடுத்த பணம் அந்தச் சொளவிலிருந்து சேர்ந்தது. போலீஸ் புகார், பத்திரங்கள், மறுபடியும் சேவா மையம், புதிய எண்ணில் புதிய பாஸ்போர்ட். 36 பக்கப் பாஸ்போர்ட் புதிதாக எடுக்க 1,500 ரூபாய் என்றால் தொலைத்ததற்கு மாற்று எடுக்க 3,000. அதுகூடப் பெரிதில்லை. விசா பழைய பாஸ்போர்ட் எண்ணில் இருந்தது. எல்லாம் சரியாகி வருவதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் போய்விட்டார்.

அதனால் என் யோசனை இது. முதலில் ஓட்டுநர் உரிமம் கேளுங்கள். பைக்கில்தான் வருகிறார்கள், உரிமம் இல்லாமல் வருகிறவனுக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு அதுவே இன்னொரு காரணம். அதில் பிறந்த தேதி தெளிவாக இருக்கிறது. டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். உரிமம் இல்லை என்றால் தேதி அச்சிட்ட வாக்காளர் அட்டை, பான் அட்டை. இவற்றில் ஒன்றும் இல்லாத வெளிநாட்டவர் பாஸ்போர்ட் நீட்டினால் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுங்கள். யாருடைய பாஸ்போர்ட்டையும் பாக்கிக்கு ஈடாக வாங்கி வைக்கக் கூடாது. அது அரசாங்கத்தின் சொத்து என்று சட்டமே சொல்கிறது. செல்போனில் படம் எடுத்து வைப்பதும் வேண்டாம், எந்த அட்டைக்கும் இது பொருந்தும். பார்க்க வேண்டியது ஒரு தேதி, அதோடு முடிந்தது.

கணக்குப் போட நேரமில்லை என்றால் ஒரு எளிய வழி இருக்கிறது. அமெரிக்காவில் 21 வயதுதான் வரம்பு. அங்கே கடைகளில் அன்றைக்கு வாங்கத் தகுதியான பிறந்த தேதியைப் பெரிதாக எழுதி வைக்கிறார்கள். நாமும் கடை திறக்கும்போது ஒரு அட்டையில் எழுதிக் கம்பியில் தொங்கவிடலாம். 2026 ஜூன் 1 அன்றைக்கு, 2005 ஜூன் 1 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்கு மட்டும் என்று. தினமும் தேதியை மட்டும் மாற்ற வேண்டும். வாங்க வருகிறவனே வரிசையில் நிற்கும்போது அதைப் படித்துவிடுவான்.

அட்டை கேட்டால் பையன்களுக்கு ரோஷம் வரும், தெரியும். "என்னைப் பார்த்தா சின்னப் பயலாட்டம் தெரியுதா" என்று எகிறுவான். பிரிட்டனில் இதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். அங்கே 18 வயதில் மது வாங்கலாம். ஆனால் கடைக்காரர்கள் 25 வயதுக்குக் கீழே தோன்றுகிற எல்லோரிடமும் சான்று கேட்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2011 அக்டோபர் முதல் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். வரம்புக்கும் கேட்கிற வயதுக்கும் நடுவே இப்படி ஏழு வருஷ இடைவெளி விட்டால் யாரையும் தனியாகச் சந்தேகப்படுவதாக ஆகாது. 24 வயதுக்காரனையும் கேட்பார்கள், அவனும் சிரித்துக்கொண்டே காட்டுவான். நமக்கு 21 என்பதால் முப்பதுக்குக் கீழே தெரிகிற யாராக இருந்தாலும் கேட்பது என்று வைத்துக்கொள்ளலாம். எல்லோரிடமும் கேட்டால் யாருக்கும் அவமானமில்லை. தெரிந்த வீட்டுப் பையன், பஞ்சாயத்துத் தலைவர் மருமகன், போலீஸ்காரர் தம்பி என்று பார்த்துவிட்டால்தான் சண்டை வரும்.

நம் பையன்கள் வெளிநாட்டில் கேட்கிற இடத்தில் எல்லாம் அட்டையை எடுத்துக் காட்டுகிறவர்கள்தானே. துபாயில் 21, மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் 21, இலங்கையிலும் 21. சவூதியிலும் குவைத்திலும் அந்தப் பேச்சே கூடாது. லீவில் வருகிற நம் ஊர்க்காரர்கள் திருவனந்தபுரம் விமான நிலையத்து டூட்டி ஃப்ரீ கடையில் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டித்தான் பாட்டில் வாங்குகிறார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் என்ற கணக்கை அங்கே யாரும் சண்டை போட்டு மாற்றுவதில்லை. அதே கையோடு தென்மலை, ஆரியங்காவு, புளியரை வழியாக ஊருக்குள் வந்ததும் அட்டை கேட்பது மரியாதைக் குறைவாகத் தெரிவது ஏன்? மதுவிலக்கு இருந்த காலத்திலும் வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் பெர்மிட் கொடுத்தார்கள். சான்றைப் பார்த்துக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

எல்லையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். புளியரையைத் தாண்டி கேரளத்துக்குள் போனால் வரம்பு 23. இங்கே 21. புதுச்சேரியில் 18. டெல்லியில் 25. குற்றாலத்தில் சாரல் தொடங்கி ஐந்தருவி, பழைய குற்றாலம் பக்கம் கூட்டம் குவிகிறபோது, கேரளத்தில் வாங்க முடியாத 21, 22 வயதுப் பிள்ளைகள் இங்கே வந்து வாங்குவது சட்டப்படி சரிதான். ஆனால் அந்தக் கூட்டத்தோடு 18, 19 வயதுப் பையன்களும் கலந்து வருகிறார்கள். அருவிக்குப் போகிற வழியில் குடித்துவிட்டு வழுக்குப் பாறையில் ஏறுகிறார்கள். தண்ணீர் எப்போது திடீரென்று பெருகும் என்று உள்ளூர்க்காரனுக்கே தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்தப் பிள்ளைக்கும் மதுவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அவன் குளிக்க வந்தவன். தெளிவாக நிற்கிறவனையே இழுத்துப்போகிற அந்தத் தண்ணீரில், தள்ளாடுகிறவன் எப்படித் தப்புவான் என்பதுதான் எனக்கு ஒவ்வொரு சாரலுக்கும் வருகிற பயம்.

சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திருநெல்வேலி – தென்காசி ரோடு நாலு வழியான பிறகு பைக்குகள் பறக்கின்றன. ஒரு பைக்கில் மூன்று பேர், தலையில் ஹெல்மெட் இல்லை. குடித்து ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் சொல்கிறது. அதெல்லாம் ஓட்டின பிறகு பிடிக்கிற சட்டம். ஓட்டுவதற்கு முன்பே தடுக்கிற இடம் உங்கள் கவுண்டர் ஒன்றுதான்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கொடுக்கமாட்டேன் என்று சொன்னதற்காக அடி வாங்கிய விற்பனையாளர்கள் உண்டு. இரவு பத்து மணிக்குக் கல்லாவை மூடிப் பணத்தோடு வீட்டுக்குப் போகிறவர்கள் நீங்கள். 2003இல் படித்த பிள்ளைகளாகத் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள் தலை நரைத்த பிறகும் தொகுப்பூதியத்திலேயே இருக்கிறீர்கள். தமிழ்நாடு முழுக்க 23,000 பேருக்கு மேல் உங்களைப் போல் இருக்கிறார்கள். 2024–25இல் மட்டும் மதுவால் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். இவ்வளவு பணத்தை வசூலித்துக் கொடுக்கிற உங்களை நிரந்தரமாக்கவில்லை என்பதை எழுதாமல் வயதைக் கேள் என்று மட்டும் எழுதினால் அது நியாயமில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு வேலைக்குச் சேர்ந்தபோது உங்களுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. இன்றைக்கு உங்கள் பிள்ளைகள்தான் ப்ளஸ் டூவிலும் பாலிடெக்னிக்கிலும் முதலாண்டு கல்லூரியிலும் இருக்கிறார்கள். உங்கள் பையன் உங்கள் கடைக்கு வரமாட்டான். அடுத்த ஊர்க் கடைக்குப் போவான். அந்தக் கடையில் இருக்கிறவர் பையன் உங்கள் கடைக்கு வருவான்.

சட்டமும் சின்னதில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவில், 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் மது கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கொடுக்கிறவர் விற்பனையாளராக இருந்தாலும் சரி, வெளியில் நிற்கிற ஆளாக இருந்தாலும் சரி. இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அட்டையைப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்று சொல்ல முடிகிற விற்பனையாளருக்கு அட்டையே கவசம் என்பதற்காகச் சொல்கிறேன். நம் பெண்கள் சுற்றுகிற பீடிக்கே, வாங்குகிறவர் 18 தாண்டியவர் என்று நிரூபிக்கிற பொறுப்பு விற்கிறவருடையது, சந்தேகம் வந்தால் சான்று கேட்கலாம் என்று புகையிலை விதியில் இருக்கிறது. பெட்டிக்கடைக்காரருக்கு இருக்கிற பொறுப்பு அரசுக் கடைக்கு இல்லாமல் போகுமா?

வெளியில் நிற்கிற ஆள் என்றேனே, அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம். மேலே டீ சர்ட், கீழே பள்ளிக்கூடச் சீருடைப் பேண்ட். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு பையன்கள் ஒரு பெரியவரிடம் பணத்தைக் கொடுத்து ஒதுங்கி நின்றார்கள். பெரியவர் வரிசையில் நின்று வாங்கி வந்து கொடுத்தார். மிச்சச் சில்லறை அவருக்கு. நான் கிட்டப் போனதும் பையன்கள் சைக்கிளை எடுத்துவிட்டார்கள். பெரியவர் மட்டும் நின்று, "கேட்டாங்க, வாங்கிக் கொடுத்தேன், டீச்சர்" என்றார். அவருக்கு அது தப்பு என்றே தோன்றவில்லை. கவுண்டரில் அட்டை கேட்க ஆரம்பித்தால் இந்த வியாபாரம் பெருகும் என்று நீங்கள் சொல்வீர்கள். பெருகலாம். அதற்கு ஊர்தான் பதில் சொல்ல வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் நேரே போய் வாங்க முடியாமல், ஒரு பெரியவரைத் தேடி, கெஞ்சி, கூலி கொடுத்து வாங்க வேண்டும் என்று ஆனாலே பாதிப் பையன்கள் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பதினேழு வயதை முப்பது வருஷம் வகுப்பறையில் பார்த்தவள் சொல்கிறேன், அந்த வயதுக்கு ஆசை எவ்வளவு வேகமோ சலிப்பும் அவ்வளவு வேகம்.

மேலதிகாரிகளிடம் நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. சங்கங்கள் வழியாகக் கேளுங்கள், நாங்களும் மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுகிறோம். அட்டை கேட்டு மறுப்பது விற்பனையாளரின் கடமை என்று எழுத்தில் ஒரு சுற்றறிக்கை வேண்டும். மறுத்ததால் அன்றைய விற்பனை குறைந்தது என்று யாரும் விளக்கம் கேட்கக் கூடாது. இப்போது பாட்டிலை ஸ்கேன் செய்து பில் போடுகிற இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. வயது பார்த்தாயிற்றா என்று ஒரு கேள்வி அதில் வந்து, ஆம் என்று தட்டினால்தான் பில் வரும்படி செய்யலாம். பிரிட்டனில் பல கடைகளில் மறுத்த விற்பனையைக் குறித்துவைக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். தேதி, நேரம், ஏன் மறுத்தோம் என்று ஒரு வரி. அந்த மாதிரி ஒரு நோட்டு உங்கள் கடையிலும் இருந்தால், பிற்பாடு யாராவது புகார் சொன்னாலும் காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்கும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஒரு காவலர் கடைப்பக்கம் நின்றால் இன்னும் நல்லது.

ஊரின் பங்கைச் சொல்கிறேன் என்றேன். கீழப்பாவூரிலும் பாவூர்சத்திரத்திலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பெண்கள் சிலரோடு பேசியிருக்கிறேன். பெரும்பாலும் பீடி சுற்றுகிறவர்கள், கணவர் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்கிறவர்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துச் சாவியைத் தாங்களே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். காசு கேட்டு வாங்கித்தரும் பெரியவர்களிடம் வீடு தேடிப் போய்ப் பேசுவதும் எங்கள் வேலை. மறுத்ததற்காக உங்களிடம் ஒரு பையன் சண்டைக்கு வந்தால், அவன் எங்கள் ஊர்ப் பையனாக இருந்தால், அவன் வீட்டுக்கு நாங்கள் போவோம். அவன் அம்மாவிடம் பேசுவோம். நீங்கள் தனியாக நிற்க வேண்டியதில்லை.

ஜூனில் சாரல் தொடங்கும். பள்ளிக்கூடங்களும் அப்போதுதான் திறக்கும். அந்த முதல் வாரத்திலேயே தேதி அட்டையைத் தொங்கவிட்டு ஆரம்பியுங்கள். முதல் சில நாள் வாக்குவாதம் இருக்கும், பிறகு பையன்களே உரிமத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள், இல்லாதவன் வரமாட்டான். அட்டை எழுதித் தர ஆள் வேண்டும் என்றால் சொல்லி அனுப்புங்கள், என் பழைய மாணவிகளைக் கொண்டு பெரிய எழுத்தில் எழுதி லேமினேட் செய்து தருகிறேன். தேதியை மட்டும் அழித்து மாற்றிக்கொள்ளும்படி இடம் விட்டிருப்போம்.

அன்புடன்,
கீழப்பாவூரிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை